முன்கூட்டியே வந்த சாத்துக்குடி

என் மகளுக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்ற செய்தியைத் திருவையாறு முழுக்கப் பரப்பியவன் நான்தான். இடம் உண்டா இல்லையா என்று அப்போது அந்தக் கல்லூரிக்கே தெரியாது. பட்டியல் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆனால் எனக்குப் பொறுமை கிடையாது. நடக்கப் போகிற கெட்டதை முன்னாடியே மனதுக்குள் நடத்தி முடித்துவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அவள் கேட்டது விவசாயப் படிப்பு. முதல் எரிச்சல் அதில்தான் ஆரம்பித்தது. எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. நான் பம்புசெட் உதிரிச் சாமான் கடை வைத்திருப்பவன். வயலுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், சேற்றுக் காலோடு கடைக்குள் ஏறுகிறவர்களைப் பார்த்து முகம் சுளிப்பதோடு சரி. தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. எதிர்க் கடைக்காரர் மகன் அமெரிக்கா போகிற அவசரத்தில் ஊரில் இருக்கும்போதே ஷூ போட்டுக்கொண்டு திரிந்தான். என் மகளோ கடைக்கு வருகிற விவசாயிகளிடம் பூச்சி கேட்டு வாங்கி, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியில் என் கடை ஆணியாலேயே ஓட்டை குத்தி, அலமாரியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். மேற்கே, பஸ்ஸில் ஏழு மணி நேரத் தூரத்தில் ஒரு விவசாயக் கல்லூரி. அங்கே போய் இந்தப் பூச்சிகளைப் படிக்க வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு அந்த ஒரே ஆசைதான்.

"வெள்ளாமையில பாதிய பூச்சிதான அத்தா திங்குது. அதப் படிக்க ஆளு வேணாமா?" என்பாள்.

"வேணும்தான். அது ஏன் என் வீட்டு ஆளா இருக்கணும்?" என்பேன்.

இப்படிப் பேசினாலும் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தது நான்தான். ரசீதைச் சட்டைப் பையில் வைத்த நிமிடத்திலிருந்து பயம் ஆரம்பித்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. பதினெட்டு வயதில் எனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்கவில்லை. அடுத்து என்ன என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. மாமா ஒரு விசா அனுப்பினார், யோசிக்கிற வேலை மிச்சமானது. பதினோரு வருடம் அரபு நாட்டில் ஏசி வடிகட்டி கழுவினேன். யாரும் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. கழுவினேன், அவ்வளவுதான். ஆகவே என் மகள் விஷயத்தில் 'அடுத்து என்ன' என்பதற்குப் பதில் கையில் தயாராக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். ஒரு பதில் போதாது, ஐந்து வேண்டும் என்றும் முடிவு கட்டினேன்.

அந்த யோசனையைக் கொடுத்தவர் வாஷர் வாங்க வந்த ஒரு விவசாயி. ஆனி மாதம். காவிரியில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"மேட்டூர்ல தொறப்பானா மாட்டானான்னு தெரியல பாய். நான் நாத்து விட்டுட்டேன். அதுலயும் ரெண்டு தவணையா விட்டிருக்கேன். தண்ணி வர்றதுக்குள்ள மொத நாத்து முத்திப்போச்சுன்னா ரெண்டாவது கைகொடுக்கும்ல."

"ரெண்டும் முத்திப்போச்சுன்னா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாஷரக் குடுங்க பாய்," என்றார்.

அன்று மதியமே கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய், மச்சான் துபாயிலிருந்து அனுப்பிய காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றினேன். முன்பக்கம் ராஜாளிப் பறவை படம். பின்பக்கம் வழவழவென்று வெள்ளையாக இருக்கும். எண் போட்டு ஐந்து திட்டம் எழுதினேன். தஞ்சாவூரில் பெண்கள் கல்லூரி, விலங்கியல். கம்ப்யூட்டர் சென்டர். புதிதாக வந்திருக்கும் எஞ்சினியரிங் கல்லூரி. ஆசிரியர் பயிற்சி. ஒன்றுமே சரிவராவிட்டால் மச்சானிடம் சொல்லி துபாயில் ஏதாவது ஆபீஸ் வேலை. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கெடைக்காமப் போகவே இல்லியேங்க."

"போனதுக்கப்புறம் யோசிச்சா அதுக்குப் பேரு யோசனையா?"

"அப்ப இதுக்குப் பேரு என்ன?"

அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ் ஐந்து ஆற்றுப் பாலங்களைத் தாண்டும். காவிரியில் ஏறும்போது என்னிடம் ஐந்து திட்டமும் உயிரோடு இருந்தன. குடமுருட்டியில் ஆசிரியர் பயிற்சி செத்தது. என் மகள் ஒரு குழந்தைக்கு 'அ' சொல்லிக் கொடுப்பதை நினைத்துப் பார்த்தேன். அந்தக் குழந்தையின் தலையில் பேன் இருந்தால் அதை ஊறுகாய் பாட்டிலில் போட்டுவிடுவாள். வெண்ணாற்றுப் பாலத்தில் அதே திட்டம் மறுபடி உயிர்பெற்றது. பஸ் தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் எனக்குத் தலைவலி.

கம்ப்யூட்டர் சென்டர் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். உள்ளே ஏசி. தொழில் புத்தி விடுமா? மேஜையில் ஏறாத குறையாக எட்டி வடிகட்டியைப் பார்த்தேன். கழுவி ஆறு மாதம் இருக்கும். தூசி ஆகாதென்று என் செருப்பைப் பிடுங்கி வைத்தவர்கள் கூரையில் இவ்வளவு தூசியை வளர்க்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது. அந்தத் திட்டத்தை அங்கேயே, வெறுங்காலோடு கைவிட்டேன்.

எஞ்சினியரிங் கல்லூரி போன வருடம் உளுந்து விளைந்த நிலத்தில் இருந்தது. வரப்புகூட முழுக்க வெட்டவில்லை. சட்டையை இன் பண்ணிய ஒருவர் என்னை நடத்திக் கூட்டிப்போய், "இங்கதான் சார் லைப்ரரி வருது," என்று கை காட்டினார். அங்கே ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

பெண்கள் கல்லூரி மட்டும் கல்லூரி மாதிரி இருந்தது. வாசலில் வேப்பமரம், ஜன்னலுக்குப் பின்னால் ஓர் அலுவலக அம்மா.

"பொண்ணுக்கு விலங்கியல் வேணுமா?"

"வேணாம்மா. ஒருவேளை வேணும்னா, அப்ப கெடைக்குமான்னு கேக்க வந்தேன்."

"வேணும்னா வாங்க. இது என்ன கலியாண மண்டபமா, முன்கூட்டியே புக் பண்றதுக்கு?"

இரண்டு நாள் கழித்து மறுபடி போய்க் கேட்டேன். மூன்றாம் முறை அந்த அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டார்.

நான் செய்த தப்பு, விசாரித்தது இல்லை. விசாரித்த இடங்களுக்கெல்லாம் ஊரில் ஒவ்வொருவரைச் சிபாரிசுக்குப் பிடித்ததுதான். உரக்கடைக்காரரிடம், அவர் தங்கை அந்தப் பெண்கள் கல்லூரியில் வேலை பார்க்கிறார் என்பதற்காகப் போய் நின்றேன். தபால் நிலையத்தில் நின்றேன், சலூனில் பேசினேன். எல்லோரிடமும் 'ஒருவேளை' என்ற வார்த்தையைச் சுத்தமாக, அழுத்தமாகச் சொன்னேன். கேட்டவர்களும் அதைச் சரியாகத்தான் கேட்டார்கள். ஆனால் அவர்களுக்கும் ஒரு புத்தி உண்டல்லவா? இடம் கிடைத்த பெண்ணுக்கு எந்தத் தகப்பன் தெருத் தெருவாக வேறு கல்லூரி தேடுவான்? பாவம், பாய் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு அக்கா. கையில் பிளாஸ்டிக் பையில் ஆறு சாத்துக்குடி. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் பார்க்கப் போகும்போது எங்கள் பக்கம் எடுத்துப்போகிற பழம்.

"சாறு புழிஞ்சு குடும்மா புள்ளைக்கு. ஒடம்பு எளைச்சுப்போச்சே," என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். என் மகள் அப்போது சமையலறையில் மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் உரக்கடைக்காரர், எட்டு சாத்துக்குடி. அதற்கடுத்து அவளுடைய பள்ளிக்கூடத்து டீச்சர். "படிப்பு மட்டும்தான் வாழ்க்கையா?" என்று கண் கலங்கினார். பன்னிரண்டு வருடமாகப் படிப்புதான் வாழ்க்கை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த டீச்சர்தான். அவரும் சாத்துக்குடிதான் கொண்டுவந்திருந்தார். கடையில் பெல்ட் வாங்க வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனச விட்றாதீங்க பாய்," என்றார். எதை விடக்கூடாது என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. வியாபாரம் மந்தமாக இருப்பதைச் சொல்கிறார் என்று நினைத்து, "எல்லாம் மழை வந்தா சரியாயிடும்," என்றேன். அவர் என்னை இன்னும் பரிதாபமாகப் பார்த்தார்.

கடைசியில் விஷயத்தை எனக்கு விளங்கவைத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அதிகாரி. பட்டா, சிட்டா, அடங்கல் என்று முப்பது வருடம் அடுத்தவர் நிலத்தை எழுதியவர். அதிகம் பேசமாட்டார். ஒரு சாயங்காலம் குடையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் மனைவி டீ வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப தெரிஞ்சுது?" என்றார்.

"எதுங்கய்யா?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு எழுந்தார், குடையை எடுத்தார், ஒரு வார்த்தை பேசாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

மனைவியின் முகம் மாறிவிட்டது. "ஏங்க, அவரு போய்ட்டு வரேன்னு சொல்லல."

"மறந்திருப்பாரு."

"மறக்கலீங்க. சாவு வீட்டுலேர்ந்து அவங்க பக்கத்துல அப்படித்தான் கெளம்புவாங்க. சொல்லிக்க மாட்டாங்க. டீயையும் தொடல பாருங்க." குரல் ஏறிக்கொண்டே போனது. "எம்புள்ள உள்ள உக்காந்து பூச்சி பாத்துக்கிட்டிருக்கு. இவரு எழவு விசாரிச்சுட்டுப் போறாரு! என்னத்தச் சொல்லி வச்சிருக்கீங்க ஊருல?"

உள்ளேயிருந்து என் மகள் வந்தாள். கையில் பூதக்கண்ணாடி. அதை என் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தா, எனக்குத் தெரியாம நான் எப்ப பெயிலானேன்?"

"பெயில்னு யாரு சொன்னா? ஒருவேளை..."

"கூடையில நாப்பத்தோரு சாத்துக்குடி இருக்கு. எண்ணிட்டேன். இது ஒருவேளைக்கு வந்த பழம் மாதிரி தெரியலியே."

அந்த வாரக் கடைசியில் மச்சான் துபாயிலிருந்து பேசினார். ஃபோன் எங்கள் வீட்டில் இல்லை, எஸ்.டி.டி. பூத்துக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். செய்தி திருவையாற்றிலிருந்து கிளம்பிக் கடல் தாண்டிப் போய், அங்கே எங்கள் ஊர் ஆட்கள் தங்கியிருந்த அறைகளில் எல்லாம் படுத்து எழுந்து மச்சான் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. போகிற வழியில் சதை போட்டிருந்தது.

"மச்சான், புள்ள சாப்பிடறதே இல்லியாமே? ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு பூச்சியோட பேசுதாமே? நான் லீவு போட்டுட்டு வரட்டுமா?"

"நீ வந்து என்ன பண்ணப் போற? சாத்துக்குடி கொண்டாருவியா?" என்று கத்தினேன். பூத்துக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய்க்கு மூளை கலங்கிவிட்டது என்று அடுத்த செய்தி அங்கிருந்தே கிளம்பியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் வீடு வீடாகப் போய் மறுத்தேன். "இன்னும் ஒண்ணும் தெரியலீங்க, பட்டியலே வரல." எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மறுக்க மறுக்க அவர்கள் முகத்தில் இரக்கம்தான் கூடியது. இதைவிட நான் அழுதிருந்தால் சீக்கிரம் விட்டிருப்பார்கள்.

பட்டியலுக்குரிய நாள் வந்து, அதற்கு மேலும் நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் காலை தபால்காரர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கையில் அஞ்சலட்டை. அச்சடித்த நான்கு வரி, பெயரை மட்டும் பேனாவில் எழுதியிருந்தது. இந்த ஆண்டு தங்களுக்கு இடமளிக்க இயலவில்லை.

அஞ்சலட்டை என்றால் தபால்காரர் படிக்காமல் இருப்பாரா? ஆனால் அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "பழைய சேதிதான் பாய். இப்பத்தான் எழுத்துல அனுப்பியிருக்கான். கவருமெண்டு வேலையாச்சே," என்றார். மணியடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அட்டையோடு வீட்டுக்குப் போனேன். அவள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், அங்கே ஏதாவது நல்லதாக எழுதியிருக்கலாம் என்பது போல. மறுபடி முன்பக்கம் படித்தாள். "சரித்தா," என்றாள். அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுத் துணியை எடுத்துப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துணி. பிழிந்துகொண்டே இருந்தாள். பிறகு துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அவள் அழுது நான் பார்த்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். இத்தனை வாரமாக ஊரே அவளுக்காக அழுதபோது அவள் ஒருத்தி மட்டும்தான் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் வாசலுக்குப் போய் நின்றேன். யாராவது வருவார்கள், வந்து ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. பக்கத்து வீட்டு அக்கா கோலமாவு டப்பாவோடு தன் வாசலில் நின்றிருந்தார். "கார்டு வந்திருச்சாமே பாய்," என்று சிரித்த முகமாகக் கேட்டுவிட்டு உள்ளே போனார். உரக்கடைக்காரர் ஸ்கூட்டரில் கையசைத்துக்கொண்டு போனார். ஒரே ஒரு சாத்துக்குடி வரவில்லை.

மனைவி பின்னால் வந்து நின்றாள். "எல்லாரும் விசாரிச்சு முடிச்சாச்சுங்க. ஒரு சாவுக்கு ரெண்டு தடவையா வருவாங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஊர் மேல் கோபப்பட முடியாது, அவர்கள் தங்கள் கடமையை ஒழுங்காக, கொஞ்சம் முன்கூட்டியே, செய்து முடித்துவிட்டார்கள். கல்லூரி மேலும் முடியாது. எனக்குப் பயப்படவும் முடியவில்லை. இருந்த பயத்தையெல்லாம் மூன்று வாரமாகப் பஸ்ஸில் போய் வந்தே செலவழித்திருந்தேன். கொல்லைக்குப் போய் அவள் பக்கத்தில், ஈரத்தில் உட்கார்ந்தேன். பேசாமல் இருந்தது, வாழ்க்கையில் அது ஒரு தடவையாகத்தான் இருக்கும்.

அவள்தான் முதலில் பேசினாள். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுத்தா. ஆனா ஒரு வீட்டுல எத்தன பேரு பயப்படுறது? நீங்க எடுத்துக்கிட்டீங்க. சரின்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருக்கலாம்ல? பாதி குடுத்திருப்பேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் காலண்டர எடுத்துட்டு வாங்க."

கூடத்துத் தரையில் விரித்து வைத்தோம். அவள் பேனாவை எடுத்து, முதலில் துபாயை அடித்தாள். துபாய் மாமாவுக்கு ஏற்கெனவே சமையல் செய்துபோட ஆள் தேடுகிறார்கள், தான் போனால் அடுப்படிதான் என்றாள். கம்ப்யூட்டர் சென்டரை அடிக்கும்போது, "வடிகட்டி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு கோடு சேர்த்துப் போட்டாள். கொக்கு நின்ற லைப்ரரி கதையைக் கேட்டு, அழுத கண்ணோடு சிரித்தே விட்டாள். ஆசிரியர் பயிற்சியை ஒரே கோட்டில் அடித்தாள். பெண்கள் கல்லூரியின் விலங்கியல் மட்டும் மிஞ்சியது. ஆரம்பத்திலிருந்தே முதல் வரியில் இருந்ததுதான்.

"இதுல பூச்சிக்கு ஒரு பாடம் வருது. டீச்சர்கிட்ட அப்பவே கேட்டு வச்சுட்டேன். மூணு வருசம் பஸ்ல போய்ட்டு வரேன். அப்புறம் மேல்படிப்புக்கு, பூச்சி மட்டும் படிக்கிற எடமாப் பாத்துப் போடுவேன். அதுவரைக்கும் நீங்க யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லக் கூடாது. சலூன்ல கூட."

"சரி," என்றேன். ஒரு நிமிடம் பொறுத்தேன். பொறுக்க முடியவில்லை. "அப்பவும் கெடைக்கலேன்னா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாஷர் வாங்க வந்தவர் பார்த்த அதே பார்வை. மனைவி கூடையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து என் மடியில் எறிந்தாள். "இதத் தின்னுங்க. வாய் சும்மா இருக்கும்." பழம் காய்ந்து தோல் இறுகிப்போயிருந்தது.

பெண்கள் கல்லூரியில் சேர்க்கப் போனபோது ஜன்னலுக்குப் பின்னால் அதே அம்மா. என்னைப் பார்த்ததும், "இப்ப நெசமாவே வேணுமா?" என்றார். நெசமாவே வேண்டும் என்றேன். என் மகள் எனக்கு இரண்டடி தள்ளி, வேறு யாரோ ஒருவரின் மகள் போல நின்றுகொண்டிருந்தாள்.

மேட்டூர் திறந்து, தாமதமாகவாவது காவிரியில் தண்ணீர் வந்து, ஊரெல்லாம் நட்டு முடித்திருந்த சமயம். ஒரு சாயங்காலம் அந்த ஓய்வுபெற்ற அதிகாரி கடைக்கு வந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் ஸ்வீட் டப்பா. இந்த மனிதர் இப்போது எதை விசாரிக்க வந்திருக்கிறார்?

"பாப்பா காலேஜுலேர்ந்து வந்திருச்சா?" என்றார்.

அப்போதுதான் பஸ் இறங்கி வந்திருந்தாள். அவர் டப்பாவை நீட்டினார். "நம்ம வயல்ல இது கெடக்குது. மருந்து அடிக்கச் சொல்றானுவ. என்னான்னு பாத்துச் சொல்லு."

அவள் டப்பாவைத் திறந்தாள். உள்ளேயிருந்து பச்சைப் பச்சையாக இருபது முப்பது உருப்படிகள் ஒரே தாவலில் வெளியே வந்து என் வாஷர் டப்பா, பெல்ட், கிரீஸ் என்று கடை முழுக்கக் குடியேறின. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு டப்பாவுக்குள் குனிந்தாள்.

"பச்சைத் தத்துப்பூச்சி தாத்தா. பயிர் கொள்ளாத அளவுக்கு இருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்ல. கொஞ்சம்தான்."

"அப்ப மருந்து வேணாம். இங்க பாருங்க, சிலந்தி ரெண்டு சேந்து வந்திருக்கு. இதுவே தத்துப்பூச்சியத் தின்னுக்கும். மருந்து அடிச்சா சிலந்திதான் மொதல்ல சாவும். சாயங்காலம் ஒரு வெளக்கு கட்டித் தொங்கவிடுங்க, கீழ தண்ணித் தட்டு வச்சு. அடுத்த வாரம் மறுபடி கொண்டாங்க, எண்ணிப் பாப்போம்."

அவர் அதையெல்லாம் அடங்கலில் எழுதுவது போல மெதுவாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். என் மனைவி டீ கொடுத்தனுப்பியிருந்தாள். இந்தத் தடவை எடுத்து, சூடாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரை வைத்தார். குடையை எடுத்தார்.

படியில் இறங்கித் திரும்பினார். "போய்ட்டு வரேன் பாய்," என்றார்.

"வாங்கய்யா. கட்டாயம் வாங்க," என்றேன். என் டீயில் தத்துப்பூச்சி ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. "வர்றப்ப மூடி இறுக்கமான டப்பாவா எடுத்துட்டு வாங்க."